வெறும் வயிற்றில் ஊற்றிய மருந்து

அன்று களத்தில் இருந்தவர்கள்: மாட்டு டாக்டர். அவரோடு சைக்கிளில் வந்த கம்பவுண்டர். ஊர் மணியக்காரர். ஊரில் பாதி வீட்டுப் பாலை வாங்குகிற காப்பிக்கடைக்காரர். வாய் அடங்காத ஒரு கிழவர். எங்கள் அண்ணன், எல்லோருக்கும் முன்னால். அண்ணன் பெண்டாட்டி, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவள், பெண்கள் பக்கம். அவளுக்குப் பின்னால் நான், இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு. இன்னும் பத்திருபது பேர் இருந்தார்கள். அவர்கள் இதற்கு வேண்டியதில்லை.

மாடு ஒன்றுகூட இல்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லித்தான் தண்டோரா போட்டிருந்தார்கள். ஒருத்தரும் பிடித்து வரவில்லை.

உலகச் சண்டை முடிந்த மறு வருசம் அது. எங்கள் ஊர் நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரி வாய்க்கால் ஓரம். மேட்டூரில் அணை கட்டின பிறகு வாய்க்காலில் அதிக நாள் தண்ணீர் ஓடியது. கரையோரப் பள்ளம் காயவே இல்லை. கோடையிலும் பச்சைப் புல். எல்லோரும் மாட்டை அங்கேதான் விட்டோம். புல்லோடு நத்தையும் பெருகியது. நத்தையை யார் கணக்கில் எடுத்தார்கள்.

அப்புறம் மாடுகள் இளைத்தன. தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. கழிச்சல். கண்ணை விலக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். கடைசியில் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கும். வீங்கினால் ஒரு மாசம், ஒன்றரை மாசம். அவ்வளவுதான். சூடு போட்டுப் பார்த்தார்கள். வேப்பெண்ணெய் கொடுத்தார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். செத்த மாட்டை அறுத்தவர்கள் ஈரலில் பூசணி விதை மாதிரிப் பூச்சி இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டுத்தான் மணியக்காரர் எழுதிப் போட்டு டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஒல்லி. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். பூச்சி நத்தைக்குள் வளர்ந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தின்கிற மாட்டின் ஈரலுக்குப் போய்விடும் என்றார். இதோ மருந்து என்று ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினார். காற்றில் கற்பூர வாசம் அடித்தது.

கிழவர் கேட்டார்: "ஏனுங்க டாக்டரு, இதை நீங்க ஒருக்கா குடிச்சுக் காட்டுங்க. பொறகு நாங்க மாட்டுக்கு ஊத்தறோம்."

"எனக்கு ஈரல்ல பூச்சி இல்லீங்களே பெரியவரே."

"சர்க்காரு சம்பளம் திங்கற ஈரலு. பூச்சி எப்படி அண்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் மாட்டைப் பிடித்து வர யாரும் எழுந்திருக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊரில் இதே மாதிரி ஏதோ மருந்து ஊற்றி மாடு செத்ததாக ஒரு பேச்சு இருந்தது.

பால் நாலைந்து நாளைக்கு வாசம் அடிக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்குக் காப்பிக்கடைக்காரர், "காப்பிக்கு ஆகாதுங்களா? அப்ப அபிசேகத்துக்குத்தான் ஆகும்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. சிரிப்பில் அடுத்து டாக்டர் சொன்னது பெண்கள் நின்ற இடத்துக்கு வந்து சேரவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது. இரண்டு கையையும் விரித்து என்னமோ பாதி பாதி என்று காட்டினார். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அண்ணன் முன்னால் இருந்தார்.

அப்போதுதான் அண்ணன் எழுந்தார். "மொதல்ல என்ற ஊட்டு மாட்டுக்கு நான் ஊத்தறேனுங்க. ஊர் பாத்துட்டு ஊத்தட்டும்" என்றார்.

மணியக்காரர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்படிச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. குழந்தையின் காதில் "உங்க மாமன் பாரு" என்றேன்.

டாக்டர் மாட்டுக்கு ஒரு பொட்டலம் என்று எண்ணிக் கொடுத்தார். ஆறாம் நாள் திரும்பி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் துண்டில் கட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பொட்டலம்.

ஒரு மாடுதான் எனக்கு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் மேட்டூரில் கெமிக்கல் கம்பெனியில் மூட்டை தூக்கினார். மாசம் ஒரு தரம் வருவார். நான் கல்யாணம் ஆன நாள் முதல் அண்ணன் காட்டில் களை வெட்டினேன், அவர் கட்டுத்தறியில் சாணி அள்ளினேன். கூடப் பிறந்தவர் வீட்டில் கூலிக்குப் போவது வெளியாள் வீட்டுக்குப் போவதை விடக் கஷ்டம். வெளியாள் திட்டினால் திருப்பித் திட்டலாம். நங்கையா திட்ட மாட்டாள். மீந்த சோற்றைக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வை அம்மிணி என்பாள்.

பக்கத்து ஊரில் ஒருத்தர் மாட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்தேன். வாரம் என்றால், மாடு அவருடையது, தீனியும் பாடும் நம்முடையது, ஈனுகிற கன்றில் ஒன்று விட்டு ஒன்று நமக்கு. அப்படி என் பங்குக்கு வந்த கிடாரிக் கன்றுதான் இந்த மாடு. செவலை. இரண்டாம் ஈத்து. அது கறக்க ஆரம்பித்த மாசம் அண்ணன் வீட்டு வேலைக்குப் போவதை நிறுத்தினேன். காலையில் காப்பிக்கடைக்குப் பால். மீதி குழந்தைக்கு. என் வீட்டு வாசலில் நானே சாணி தெளித்தேன். என் மாட்டுச் சாணி.

அதற்கும் தாடையில் லேசாக வீக்கம் வந்திருந்தது. அழுத்தினால் குழி விழும். பால் குறைந்துகொண்டே வந்தது. பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஊற்றினாலும் பயம். ஊற்றாவிட்டாலும் பயம்.

மூன்றாம் நாள் பொழுது சாய அண்ணன் கட்டுத்தறிக்குப் போனேன். மாடுகள் அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தன. அண்ணன் மாடு தின்கிற கவணையில் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊத்தீட்டீங்களாண்ணா?"

"நேத்தே ஊத்தீட்டேன் அம்மிணி. பாரு. ஒண்ணும் ஆகல."

"எல்லாத்துக்குங்களா?"

"எல்லாத்துக்குந்தான்."

"எப்படி ஊத்துனீங்க? அவரு சொன்னது எனக்குக் காதுல உழுவல."

அண்ணன் தட்டை உதறிப் போட்டார். கொஞ்சம் யோசித்தார். மாட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

"முந்துன நாளே தீனிய நிறுத்தீட்டேன். தண்ணியும் காட்டல. நம்ம பேதிக்குக் குடிக்கறாப்பல. வெறும் வயித்துல, முழுப் பொட்டலத்தையும் கஞ்சித் தண்ணில கலக்கி, ஒரே ஊத்து. வயித்துல ஒண்ணும் இல்லாட்டித்தான் பூச்சிய மருந்து புடிக்கும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். வருசம் ஒரு தரம் விளக்கெண்ணெய் குடிக்கும்போது முந்தின ராத்திரியே பட்டினி. மருந்தென்றால் வெறும் வயிறு. யாராவது வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

நங்கையா அங்கேதான் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"பயமாருந்தா நாளைக்கு நான் வாரேன். தலைய நான் புடிச்சுக்கறேன்" என்றார் அண்ணன்.

அன்று பொழுதோடு தீனியை நிறுத்தினேன். தண்ணீரும் காட்டவில்லை. மாடு என் கூடையைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. அது அப்படிக் கத்துகிற மாடு இல்லை. காதில் வாங்காமல் இருந்தேன்.

விடிந்ததும் அண்ணன் வந்தார். சொன்ன சொல் தவறாமல் வந்தார். மூக்கில் விரலைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தார். நான் மூங்கில் குழாயில் மருந்தை மொண்டு கடைவாயில் ஊற்றினேன். நாலு குழாய். ஒரு சொட்டு சிந்தவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது.

வேலை முடிந்தால் நிற்கிற ஆள் இல்லை அண்ணன். அன்று நின்றார். வெயில் ஏறுகிறவரைக்கும் என் வாசலில் நின்றார். மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார்.

"காது சில்லுன்னு இருக்குதா அம்மிணி?"

"இல்லீங்க."

"அசை போட்டுச்சா?"

"வயித்துல ஒண்ணும் இல்லீங்களே, எதைப் போடும்?"

"ஆமா. ஆமா."

மத்தியானம் மறுபடியும் வந்தார். பொழுது சாயவும் வந்தார். அப்பன் ஆத்தாள் இல்லாத எனக்கு அண்ணன் எப்படிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை.

பொழுது சாய வந்தபோது மாடு கால் பின்னி நடந்தது. கள் குடித்தவன் மாதிரி. அண்ணன் பார்த்தார். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாடு படுத்தே கிடந்தது. கழுத்தை மடக்கித் தலையை வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டது. நேராக்கி விட்டால் திரும்பவும் மடக்கியது. காது சில்லென்று இருந்தது. ராகி மாவு கரைத்து வைத்தேன். தொடவில்லை. மடியில் இருந்ததைக் கறந்தேன். ஒரு சொம்புகூட இல்லை. கற்பூர வாசம் தூக்கியது. குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றதால் கீழே கொட்டினேன்.

குழந்தை அழுதது. கொஞ்ச நேரத்தில் நங்கையா ஒரு சொம்பு பாலோடு வந்தாள். யாரோ சொல்லியிருப்பார்கள். மாட்டைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, "பாப்பாளுக்குக் குடு அம்மிணி, சும்மா குடு" என்றாள். நிற்காமல் போனாள்.

பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கி வந்தது. ஆற்றினேன். குழந்தை வாயில் வைக்கும்போது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நாலைந்து நாளைக்கு ஆகாது. அண்ணன் ஊற்றி இரண்டு நாளோ மூன்று நாளோதான் ஆகிறது. வாயிலிருந்து எடுத்துவிட்டேன். முகர்ந்து பார்த்தேன்.

பால் வாசம்தான் அடித்தது.

திரும்பவும் முகர்ந்தேன். கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்தேன். நல்ல பால். அன்று கறந்த பால். குழந்தைக்குக் கொடுத்தேன். முழுதும் குடித்தது. குடித்து முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கட்டுத்தறியில் நின்றார். நங்கையா பக்கத்தில்.

"பால் மணக்கலீங்களே" என்றேன்.

நங்கையா அண்ணனைப் பார்த்தாள்.

"நல்ல பாலுங்க. மருந்து வாசமே இல்லை."

நங்கையா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் மாட்டுக் கயிற்றை எடுத்து அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

"நான் என்ன பண்றது? ஊருக்கு முன்னால சொல்லிப்போட்டேன். ஊட்டுக்கு வந்தா கை வரல. என்ற பண்ணையமே இதுங்க மேல நிக்குது. எல்லாம் ஒரு நாள்ல உழுந்துட்டா?"

"அதுக்கு?"

"ஒரு மாட்டுக்கு ஊத்திப் பாத்தாத்தான தெரியும்."

"என்ற மாடுங்களா?"

"உனக்கு ஒண்ணுதான அம்மிணி."

இன்றைக்கும் அது அப்படியே காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி, எனக்கே விளங்கும் என்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"ஆமாங்க" என்றேன். "ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்தேன்.

நாள் முழுக்க மாடு அப்படியே கிடந்தது. கன்று பக்கத்தில் நின்று முட்டி முட்டிப் பார்த்தது. அடுத்த நாள், டாக்டர் வருவதாகச் சொன்ன ஆறாம் நாள், சூரியன் கிளம்புகிற நேரத்தில் மாடு செத்தது.

டாக்டர் வந்தார். ஊரும் வந்தது. தோல் உரிக்க வந்தவரிடம் வயிற்றைக் கீறச் சொல்லி டாக்டர் ஈரலை எடுத்துப் பார்த்தார். கத்தியால் பிளந்தார். பூசணி விதை பூசணி விதையாக வந்தது. ஒன்றும் நெளியவில்லை. அவருக்கு அதில் ஒரு சந்தோசம். மறைக்கத் தெரியாத மனுசர்.

"பாருங்க, மருந்து வேலை செஞ்சிருக்கு. பூச்சி அத்தனையும் செத்திருக்கு. மாடுதான் தாங்கல" என்றார். அப்புறம் இரைப்பையைப் பார்த்தார். முகம் மாறியது.

"பட்டினி போட்டீங்களாம்மா?"

"போட்டேனுங்க."

"எத்தனை நேரம்?"

"முந்துன நாள் பொழுது சாயறப்ப இருந்து."

"முழுசும் ஒரே தடவையா?"

"ஆமாங்க."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தவிடும் வெல்லமும் நல்லாக் குடுத்துட்டு ஊத்துங்க, இளைச்ச மாட்டுக்கு இன்னைக்குப் பாதி, நாலு நாள் விட்டுப் பாதின்னு. யாரும்மா பட்டினி போடச் சொன்னது?"

அண்ணன் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றார். கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பேசினார்.

"பொம்பளைங்கதானுங்க. பேதி மருந்துன்னு நெனைச்சுட்டா. ஒரு வார்த்தை என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

ஊர் என்னைப் பார்த்தது. கிழவர்கூட ஒரு கேலி பண்ணவில்லை. "கையில வெச்சிருந்ததைக் கொன்னுபோட்டயே சாமி" என்றார், பரிதாபமாக. அது கேலியை விட மோசம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று பின்னால் பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாடு போய்விட்டது. நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்றால் யார் காட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வெகு நாள் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. மருந்து ஊற்றிவிட்டேன் என்று அண்ணன் சொன்ன பொய் மட்டும் என் மாட்டைக் கொல்லவில்லை. எப்படி ஊற்றினீர்கள் என்று நான் கேட்டேன் பாருங்கள், அதற்குப் பதில் வேண்டியிருந்தது அவருக்கு. ஊற்றாத ஆளுக்கு ஊற்றின விதம் எங்கே தெரியும். பொய் நிற்க வேண்டும் என்று அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு பட்டினியைச் சேர்த்தார். தட்டை உதறிப் போட்டுக்கொண்டு. அந்தச் சேர்த்ததுதான் கொன்றது.

வீட்டுக்காரர் மேட்டூரிலிருந்து வந்தார். வழியிலேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தார். "பட்டினி போட்டயாமா?" என்றார். "ஆமா" என்றேன். தலைக்கு வைக்கிற மரக்கட்டையில் தலையை வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அப்புறம் எனக்கு மாடும் இல்லை, அண்ணனும் இல்லை, அவரும் இல்லை. அதனால் அவர் சாகிறவரைக்கும் நான்தான் கொன்றேன் என்றே இருந்தது. டாக்டர் அடுத்த ஊர்களிலும் இதைச் சொன்னாராம். ஒரு அம்மா பட்டினி போட்டு ஊற்றி மாட்டைக் கொன்றுவிட்டார், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்று. பேர் சொல்லவில்லையாம். நல்ல மனுசர்.

அண்ணனும் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மாட்டை இழுத்துப்போன அன்றைக்கே, டாக்டர் முன்னால் நிற்க, ஊர் மாடு எல்லாவற்றுக்கும் ஊற்றினார்கள். தவிடு, வெல்லம் கொடுத்து, பாதி. நாலு நாள் விட்டு, மீதிப் பாதி. ஒன்றும் விழவில்லை. பள்ளத்துப் புல்லுக்கு மாட்டை விடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடும் போட்டார்கள். தாடை வீக்கம் எல்லாவற்றுக்கும் வடிந்தது.

கன்றுக்குத் தீனி போட என்னிடம் ஒன்றும் இல்லை. அதை வேறு ஒருத்திக்கு வாரத்துக்கு விட்டேன்.

அடுத்த வாரம் விடியலில் அண்ணன் கட்டுத்தறிக்கு வேலைக்குப் போனேன். நங்கையா சாணிக் கூடையை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அண்ணன் வரப்புக்குப் போயிருந்தார். சாணி வழித்தேன். கூட்டினேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன். எல்லாம் உடம்பு தேற ஆரம்பித்திருந்தன. காட்டும்போதே எண்ணினேன்.

பதினொன்று.